பித்தளை இளித்தது

முதலில் கறுப்பு. கறுப்புக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே வேறொரு கறுப்பு,
கோழிக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த இருபது குளிர்காலம்.
தொள்ளாயிரம் குரோனா என்றார் பண்ணைக்காரர்.
எண்ணூறு கொடுத்தேன். போகும்போது
ஒரு தட்டு முட்டையும் கையில் திணித்தார்.

பெயின்ட் கொப்புளித்துச் சுருண்டபோது
அடியில் பித்தளை இளித்தது.
முலாம் போய் இளித்தால்தானே அவமானம்?
இது இளிக்கட்டும் என்றுதான்
விரல் நுனி வெடிக்க வெடிக்கச் சுரண்டினேன்.

வெளியே சுந்த்ஸ்வாலில் மைனஸ் பத்தொன்பது.
சாலையெல்லாம் உப்பு. மே வரைக்கும்
பழைய கார் எதுவும் வாசலைத் தாண்டாது.
கராஜின் நடுவில் எங்கள் கார், மூக்கில்லாமல்:
ஃபோர்டு உடம்பு, வோல்வோ இதயம்,
கழித்துக்கட்டிய பேருந்து ஒன்றின் இருக்கை.
பின்சக்கரம் இரண்டும் யாருடையவை என்று
சிக்ஸ்டனுக்கே ஞாபகமில்லை.
ரேடியேட்டர் என் பங்கு.

வினிகர், உப்பு, கொஞ்சம் மைதா.
பிறகு எண்ணூறாம் நம்பர் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு.
பிறகு இரண்டாயிரம்.
பிறகு களிம்பும் சிக்ஸ்டனின் கிழிந்த பனியனும்.
துணி கறுத்தது. புதுத் துணி. அதுவும் கறுத்தது.
என் முகம் அகலமாக அதில் தெரியத் தொடங்கிய பிறகும்
கறுத்தது.
மூன்றாம் வாரம்தான் உறைத்தது:
அழுக்கு எப்போதோ போய்விட்டது,
இப்போது வருவது பித்தளை.
சுத்தமாகிவிட்டேன் என்று அது ஒருநாளும் சொல்லாது.
போதும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கீழ்த் தொட்டியின் இடது மூலையில் ஒரு ஒட்டு.
உள்ளங்கை அகலம், சுற்றிலும் ஈயம் வழிந்து.
தேய்க்கத் தேய்க்க அதில் எழுத்து எழும்பியது.
யாரோ ஒருவர்
வீட்டுக் கதவின் பெயர்ப்பலகையைப் பாதியாக வெட்டி
அடைத்திருக்கிறார்.
...ஸ்ட்ரோம்.
முன்பாதி இல்லை. இருந்தும் பயனில்லை,
இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்ட்ரோம்மீதுதான் விழ வேண்டும்.
எங்கள் பேச்சில் அதற்கு ஆற்றின் ஓட்டம் என்று பொருள்.
ஓட்டையை அடைக்க ஓட்டத்தையே வைத்தவர்
சிரித்துக்கொண்டு வைத்தாரா,
கைக்குக் கிடைத்தது அதுதானா?
பெயர் போன அந்தக் கதவை
அதற்குப் பிறகு யாரைக் கேட்டுத் தட்டினார்கள்?

சிக்ஸ்டன் குனிந்து பார்த்தான்.
"எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம்.
அரை மணி நேர வேலை."
அவனுக்கு எல்லாமே அரை மணி நேரம்.
எங்கள் கல்யாணத்தையும் அப்படிச் சொல்லித்தான்
நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான்.

முதலில் சோதிப்போம் என்றேன்.
வாய்களை ரப்பரால் அடைத்து,
பழைய குளியல் தொட்டியில் அமிழ்த்தி,
சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று விட்டோம்.
குமிழி. மேல் இணைப்பில் ஒரு வரிசை.
குழாய்க் கழுத்தில் விக்கல் மாதிரி, விட்டுவிட்டு.
நான் தேய்த்துத் தேய்த்து மெலிந்த வளைவில்
ஊசிமுனையாய் ஒன்று: அது என் கைங்கரியம்.
ஒட்டுப் போட்ட மூலையில் மட்டும்
தண்ணீர் அசையவில்லை.

சிக்ஸ்டன் ஒன்றும் பேசவில்லை.
ஈயக் கம்பியைத் தேடி எடுத்தான்,
டார்ச்சைப் பற்றவைத்தான்.

எழுத்துகளின் பள்ளம் ஆழமில்லை.
இன்னும் ஒரு மாலை தேய்த்தால் பெயர் போய்விடும்,
பளபளப்பு மட்டும் இருக்கும்.
துணியை வாளியில் போட்டேன்.
அன்றுதான் அந்தச் சொல் வாய்க்கு வந்தது,
கொஞ்சம் கோணலாக.

மே இரண்டாம் வாரம்.
சாலையை மழை கழுவிவிட்டிருந்தது.
இன்ஜின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
சூடேறிவிட்டதா என்று மேல் தொட்டியில்
கட்டைவிரலை வைத்தான் சிக்ஸ்டன்,
கெட்ட வார்த்தையோடு எடுத்தான்.
ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த விரல்
பழுப்பாக எழுந்துவிட்டது, ரேகை ரேகையாக,
நட்டநடுவில், ஊரே பார்க்கும்படி.
துணியும் கையுமாக நிற்கிறேன்.
ஹார்ன் அடிக்கிறான்.
கடற்கரை வரைக்கும்தானாம். அரை மணி நேரமாம்.